பொது இடத்து இருக்கைகள்: வசதியும் பாதுகாப்பும்

தெரு, பூங்கா, பேருந்து நிறுத்தம், கடற்கரை, மருத்துவமனை வளாகம் போன்ற திறந்த வெளிகளில், காசு கொடுக்காமல் யாரும் உட்காரலாம் என்று அமைக்கப்படுபவை பொது இருக்கைகள். சிமென்ட் பெஞ்சு, மரத்தடி மேடை, பூச்செடிகளைச் சுற்றிய குட்டைச் சுவர், அகலமான படிக்கட்டு, நகர்த்தக்கூடிய நாற்காலி எல்லாமே இதில் அடங்கும். நடந்து களைத்தவர் இளைப்பாறவும், பேருந்துக்குக் காத்திருக்கவும், பேசிக்கொண்டிருக்கவும், சும்மா வேடிக்கை பார்க்கவும் இவை பயன்படுகின்றன. முதியவர்கள், கர்ப்பிணிகள், மூட்டுவலிக்காரர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் ஆகியோரைப் பொறுத்தவரை வீட்டைவிட்டு வெளியே கிளம்புவதா வேண்டாமா என்பதையே இவை தீர்மானிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட, முதியோருக்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டியில் வெளிப்புற இருக்கைகளும் ஓர் அளவுகோலாக இடம்பெற்றுள்ளன.

பொது இருக்கையிடம் எதிர்பார்க்கப்படுபவை இரண்டு: உட்காருபவருக்கு வசதி, உட்காருபவருக்கும் கடந்துபோகிறவருக்கும் பாதுகாப்பு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பெஞ்சு வசதியாக இருந்தால் கண்டவர்கள் வந்து படுத்துக்கொள்வார்கள், கும்பல் சேரும் என்று சொல்லிச் சாய்மானத்தையும் நிழலையும் தவிர்ப்பதுண்டு. நகரப் பயன்பாடு பற்றிய கள ஆய்வுகள் இந்த எண்ணத்தை ஆதரிக்கவில்லை. எல்லாத் தரப்பு மக்களும் விரும்பி உட்காரும் இடமே பெரும்பாலும் அச்சமற்ற இடமாகவும் இருக்கிறது. வசதியைக் குறைத்தால் முதலில் காணாமல் போகிறவர்கள் முதியவர்களும் பெண்களும்தான்.

முன்னோடிகள்

தமிழ்நாட்டில் பொது இருக்கையின் பழைய வடிவங்களில் முக்கியமானது திண்ணை. வீட்டின் சுவரை ஒட்டி, தாழ்வாரக் கூரையின் நிழலில், தெருவைப் பார்த்து அமைந்த மேடை அது. முதுகுக்குச் சுவர் அல்லது தூண், தலைக்கு மேல் கூரை, கண்ணுக்கு முன் தெரு என்ற மூன்றும் அதில் ஒருங்கே கிடைத்தன. வழிப்போக்கர்களுக்கும் அது பயன்பட்டது. ஆனால் யார் உட்காரலாம் என்பதை வீட்டுக்காரரும் சாதியும் முடிவுசெய்த காலத்தில் அதை முழுமையான பொது இருக்கை என்று சொல்ல முடியாது.

சுமைதாங்கிக் கல் இன்னொரு வகை. நட்ட இரு கற்களின் மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்தி, தலைச்சுமையோடு வருபவர் பிறர் கை கொடுக்காமலேயே சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் சாலையோரம் அமைத்தார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நிறுவும் வழக்கம் இருந்தது. பயன்படுத்துபவரின் உடல் எந்த அசைவில் சிரமப்படுகிறது என்று பார்த்து உயரத்தை வைத்த வடிவமைப்பு இது.

ஐரோப்பாவில் நகரப் பூங்காக்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்புக் கால்களும் மரச் சட்டங்களும் கொண்ட பெஞ்சு பரவியது. பாரிஸ் பூங்காக்களில் நாற்காலிகள் நெடுங்காலம் வாடகைக்கு விடப்பட்டன. அந்நகரின் லக்ஸம்பர்க் தோட்டத்துக்காக 1923இல் உருவாக்கப்பட்ட உலோக நாற்காலியின் வடிவம் இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. பார்சிலோனாவின் குவெல் பூங்காவில் 1900க்கும் 1914க்கும் இடையே அந்தோனி கௌடியும் அவரது உதவியாளர் ஜுஜோலும் அமைத்த நீண்ட வளைவு இருக்கை வேறொரு திசையைக் காட்டியது. அதன் சாய்மானம் இடுப்புப் பகுதியில் சற்றுப் புடைத்து முதுகைத் தாங்குகிறது. பாம்புபோல வளைந்து செல்வதால், உள்வளைவில் உட்காருபவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசலாம். வெளிவளைவில் உட்காருபவர்கள் தனித்திருக்கலாம்.

உட்காரும் பழக்கம் பற்றிய ஆய்வுகள்

நியூயார்க் நகரின் 1961ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், தரைமட்டத்தில் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விடும் கட்டடங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பைச் சலுகையாகத் தந்தன. அவ்வாறு உருவான முற்றங்கள் பல வெறிச்சோடிக் கிடந்தன, சில நிரம்பி வழிந்தன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடி வில்லியம் ஹெச். வைட் என்ற எழுத்தாளரின் குழு 1970களில் 16 முற்றங்களையும் 3 சிறு பூங்காக்களையும் படம்பிடித்து, ஆட்களை எண்ணிப் பார்த்தது. முற்றத்தின் வடிவமோ மொத்தப் பரப்போ கூட்டத்தை நிர்ணயிக்கவில்லை. உட்கார எவ்வளவு இடம் இருந்தது என்பதே பெரிய காரணமாகத் தெரிந்தது. உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள் என்பது வைட் 1980இல் வெளியிட்ட நூலின் மிக எளிய முடிவு. அது தெரிந்த விஷயமாகத் தோன்றினாலும், இந்த ஆய்வுக்கு முன் நகரின் விதிகளில் ஏறவில்லை. 1975இல் திருத்தப்பட்ட விதிகள், முற்றத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் 1 அடி நீள இருக்கை வேண்டும் என்று கட்டாயமாக்கின.

வைட் கவனித்த சிறு செய்திகள் பின்னர் வந்த வடிவமைப்பாளர்களுக்கு நேரடியாகப் பயன்பட்டன. 1 அடி முதல் 3 அடி வரை உயரமுள்ள எந்தத் திட்டிலும் மக்கள் உட்காருகிறார்கள். இரு பக்கமும் ஆட்கள் உட்கார வேண்டிய குட்டைச் சுவருக்குக் குறைந்தது 30 அங்குல அகலம் வேண்டும். நகர்த்தக்கூடிய நாற்காலியை எடுப்பவர், இடம் சரியாகவே இருந்தாலும், அதைச் சில அங்குலம் இப்படி அப்படித் தள்ளிவிட்டுத்தான் உட்காருகிறார். வெயில் வந்தால் நிழலுக்கும், நண்பர் வந்தால் பக்கத்துக்கும், வேண்டாதவர் வந்தால் அப்பாலும் நகர்ந்துகொள்ளலாம் என்ற அந்தச் சுதந்திரமே நாற்காலியின் பெரிய வசதி. 1967இல் திறக்கப்பட்ட பேலி பூங்காவும், சீரமைக்கப்பட்டு 1992இல் மீண்டும் திறக்கப்பட்ட பிரையண்ட் பூங்காவும் நகரும் நாற்காலிகளின் வெற்றிக்கு நியூயார்க்கின் சான்றுகள். நாற்காலிகள் திருடுபோய்விடும் என்பதே வழக்கமான ஆட்சேபம். அவ்விரு பூங்காக்களிலும் பராமரிப்பு ஆட்கள் எப்போதும் இருப்பதால் அது பெரிய சிக்கலாகவில்லை. காவலும் பராமரிப்பும் இல்லாத இடத்துக்கு நிலையான பெஞ்சே ஏற்றது.

டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் 1971இல் வெளியிட்ட நூலில் விளிம்புகளின் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டினார். திறந்தவெளியின் நட்டநடுவில் உட்கார மக்கள் தயங்குகிறார்கள். முதுகுக்குப் பின்னால் சுவரோ செடியோ இருக்க, முன்னால் நடமாட்டம் தெரியும் ஓரங்களே முதலில் நிரம்புகின்றன. கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவில் ஜான் லைல் செய்த ஆய்வும் இதையே காட்டியது: முக்கியப் பாதையைப் பார்த்த பெஞ்சுகள் அதிகம் பயன்பட்டன, ஒதுக்குப்புற பெஞ்சுகள் குறைவாகவே பயன்பட்டன.

இருக்கைகள் ஒன்றையொன்று நோக்கும் கோணமும் முக்கியம். ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1957இல் மக்களை ஒன்றுசேர்க்கும் அமைப்பு, விலக்கி வைக்கும் அமைப்பு என்று அறைகளைப் பிரித்துக் காட்டினார். அவரோடு பணியாற்றிய ராபர்ட் சோமர், மருத்துவமனை உணவகத்தில் மேசையின் மூலையில் செங்கோணமாக உட்கார்ந்தவர்களிடையேதான் பேச்சு அதிகம் நடப்பதைக் கண்டார். பூங்காவில் இரு பெஞ்சுகளை ‘ட’ வடிவில் போடுவதன் பயன் இதுதான். நேர் எதிரே போட்டால் முன்பின் தெரியாதவர்கள் சங்கடப்படுகிறார்கள்; ஒரே வரிசையில் போட்டால் மூன்று பேர் சேர்ந்து பேச முடிவதில்லை.

உடலும் அளவுகளும்

இருக்கையின் அளவுகளில் முதலாவது உயரம். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். எழும்போது முழங்காலில் சுமை மிகக்கூடாது. உயரம் கூடினால் குள்ளமானவர்களின் கால் தொங்கி, தொடையின் அடிப்பகுதி அழுந்தி மரத்துப்போகும். உயரம் குறைந்தால் வயதானவர் எழத் திண்டாடுவார். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரவிதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கான பெஞ்சுக்கு 43 முதல் 48.5 செ.மீ. உயரத்தை வகுத்துள்ளன. சக்கர நாற்காலியிலிருந்து பெஞ்சுக்கு மாறி உட்கார இந்த உயரம் தோதானது. இந்தியர்களின் உடலளவுகளைத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் தனி நூலாக வெளியிட்டது. சராசரி இந்தியப் பெண்ணின் முழங்கால் மடிப்பு உயரத்துக்கு 48 செ.மீ. அதிகம். எனவே 43 முதல் 45 செ.மீ. வரையிலான உயரத்தைப் பொதுவாகக் கொண்டு, பக்கத்திலேயே குழந்தைகளுக்கும் குள்ளமானவர்களுக்கும் தாழ்வான திட்டு ஒன்றை வைப்பது நடைமுறைக்கு உகந்தது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று உயரங்கள் இருப்பதே ஒரு சராசரி உயரத்தைவிட மேல்.

ஆழத்திலும் இதே சிக்கல் உண்டு. சாய்ந்து உட்கார 40 முதல் 45 செ.மீ. ஆழம் போதும். அதற்கு மேல் போனால் குள்ளமானவரின் முதுகு சாய்மானத்தைத் தொடாது. அமெரிக்க விதிகள் 51 முதல் 61 செ.மீ. வரை கேட்பது, சக்கர நாற்காலியிலிருந்து நகர்ந்து வருபவருக்கு இடம் வேண்டும் என்பதற்காக. தமிழ்நாட்டில் இன்னொரு தேவையும் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்காருபவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு ஏறக்குறைய 70 செ.மீ. ஆழமுள்ள மேடை வேண்டும். கோயில் வாசல், மருத்துவமனை வளாகம் போன்ற நெடுநேரம் காத்திருக்கும் இடங்களில், சாப்பாட்டுப் பையைப் பிரித்து வைத்துக் குடும்பத்தோடு உட்கார மேடைதான் பயன்படுகிறது; பெஞ்சு பயன்படுவதில்லை.

சாய்மானம் நெடுநேரம் உட்காருவதற்கு அவசியம். இருக்கைப் பலகை பின்னோக்கிச் சில டிகிரி சரிந்து, சாய்மானம் அதோடு 100 முதல் 110 டிகிரி கோணத்தில் இருந்தால் இடுப்பு தளர்ந்து அமரும். மிகவும் சாய்ந்தால் எழுவது கடினம். பலகையின் முன்விளிம்பு உருண்டிருக்க வேண்டும்.

உட்காரும் வசதியைக் கணக்கிடும் பலர் எழும் வசதியை மறந்துவிடுகிறார்கள். ஒருவர் எழும்போது பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடலை முன்னால் சாய்த்து, கைகளை ஊன்றி உந்துகிறார். எனவே இருக்கைக்கு அடியில் குதிகால் போக இடம் வேண்டும். தரையிலிருந்து எழும்பும் முழுக் கருங்கல் பாளங்களில் இந்த இடம் இல்லை. குதிகால் கல்லில் முட்ட, முதியவர் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி, கடைசியில் பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்து எழுவதை இத்தகைய இருக்கைகளில் பார்க்கலாம். கீழ்ப்பகுதியை 10 செ.மீ. அளவுக்கு உள்வாங்கிச் செதுக்கினாலே இது தீரும். கைப்பிடி இருக்கை மட்டத்துக்கு மேல் 20 செ.மீ. அளவில், முன்விளிம்பு வரை நீண்டு, முழு எடையையும் தாங்கும் உறுதியோடு இருக்க வேண்டும். எல்லா இருக்கைகளிலும் கைப்பிடி வேண்டியதில்லை. பக்கவாட்டில் நகர்ந்து வருபவருக்கும் பருமனானவருக்கும் கைப்பிடியற்ற பகுதி தேவை.

வெயில், மழை, பொருள்

வெப்ப நாடுகளில் பொருள் தேர்வு உடல் அளவுகளுக்கு இணையான முக்கியத்துவம் உடையது. கோடை நண்பகலில் நேரடி வெயிலில் கிடக்கும் உலோகத் தகடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிதல்ல. சூடான பரப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 13732 தரத்தின்படி, 1 நிமிடம் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருந்தால் 51 டிகிரியிலேயே தோல் பொசுங்கத் தொடங்கும். பேருந்து நிறுத்தங்களில் துளையிட்ட எஃகு இருக்கைகள் காலியாக இருக்க, அவற்றின் அருகிலேயே மக்கள் நின்றுகொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரு பொருள் எவ்வளவு சூடாகிறது என்பதோடு, அந்தச் சூட்டை எவ்வளவு வேகமாகத் தோலுக்குக் கடத்துகிறது என்பதும் முக்கியம். மரத்தைவிடக் கருங்கல் பத்து மடங்குக்கு மேலும், துருப்பிடிக்காத எஃகு சுமார் நூறு மடங்கும் வெப்பத்தைக் கடத்துகின்றன. அதனால்தான் ஒரே வெயிலில் கிடந்தாலும் மரப் பலகையில் உட்கார முடிகிறது, எஃகில் முடிவதில்லை. கருங்கல்லுக்கும் சிமென்டுக்கும் இன்னொரு குணம் உண்டு: பகலில் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பின்னும் வெளிவிடுகின்றன. நிழலில் இருந்தால் இதே கற்கள் குளுமையான இருக்கைகள். ஆகவே கல் இருக்கையைத் திட்டமிடும்போது நிழலையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

மழைநீர் தேங்காதிருக்க மரச் சட்டங்களிடையே இடைவெளியும், கல், சிமென்ட் பரப்புகளில் சிறு சரிவும் வேண்டும். கடற்கரை நகரங்களில் உப்புக்காற்று பெரும் எதிரி. துருப்பிடிக்காத எஃகிலும் சாதாரண 304 ரகம் அங்கே பழுப்புப் புள்ளி விடும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் கூடுதலாகத் தாங்கும். சிமென்ட் பெஞ்சின் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, மேல்பூச்சை வெடிக்கச் செய்கிறது. காலில் கம்பி துருத்திக்கொண்டிருக்கும் பெஞ்சு இப்படி உருவாவதுதான். கம்பியின் மேல் போதிய கனத்தில் கான்கிரீட் மூடியிருப்பதே இதற்குத் தடுப்பு.

மரத்தைப் பாதுகாக்கவும் அழகுபடுத்தவும் பூசுபவையும் கவனிக்கத்தக்கவை. ஆர்செனிக் கலந்த மரப் பாதுகாப்பு மருந்தைப் பூங்கா பெஞ்சு போன்றவற்றுக்குப் பயன்படுத்துவது அமெரிக்காவில் 2003இன் இறுதியோடு கைவிடப்பட்டது. இந்தியாவில் வீட்டு, அலங்காரப் பெயின்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகள் கை வைத்து, பிறகு வாயில் வைக்கும் பரப்பு என்பதால் பெஞ்சுக்கும் இது பொருந்தும்.

இடமும் திசையும்

நல்ல பெஞ்சு தவறான இடத்தில் இருந்தால் பயனில்லை. முதலில் இடைவெளி. பிரிட்டன் அரசின் அணுகல் வழிகாட்டி, மக்கள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் 50 மீட்டருக்குள் ஓர் இருக்கை வேண்டும் என்கிறது. ஏற்றமான பாதைகளில் இந்தத் தூரம் இன்னும் குறைய வேண்டும்.

இரண்டாவது, நடைபாதையின் அகலம். இந்தியச் சாலைப் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, தடையற்ற நடைவழி குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. பெஞ்சும் அதில் உட்கார்ந்தவர் கால் நீட்டும் 60 செ.மீ. இடமும் இந்த 1.8 மீட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்வையற்றவர் மோதுவார், சக்கர நாற்காலி சாலையில் இறங்க நேரிடும். சென்னை பாண்டி பஜாரில் 2019இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்தில் இருக்கைகள் போட முடிந்ததற்கு, நடைபாதை முதலில் அகலமாக்கப்பட்டதே காரணம். பெஞ்சின் பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க ஏறக்குறைய 76 க்கு 122 செ.மீ. சமதரை விட்டால், அதில் வருபவரும் உடன் வந்தவரும் தோளோடு தோளாக இருக்கலாம்.

மூன்றாவது, சூரியன். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்து செல்கிறது. எனவே பக்கச் சுவர் நண்பகலுக்கு உதவாது. மேல் நிழல்தான் உதவும். மக்கள் அதிகம் உட்காரும் மாலை நேரத்துக்கோ மேற்கில் மரமோ சுவரோ வேண்டும். வெயில் குறைந்த ஐரோப்பிய நகரங்களுக்கு எழுதப்பட்ட கையேடுகள் தெற்கு நோக்கி, வெயில் படும்படி பெஞ்சு போடச் சொல்வதை இங்கே அப்படியே எடுத்தாளக் கூடாது.

மர நிழல் சிறந்தது. புங்கன், வேம்பு, பூவரசு போன்றவை சிமென்ட் கூரையைவிடக் குளிர்ச்சி தருபவை. ஆனால் அடிமரத்தை ஒட்டி சிமென்ட் மேடை கட்டினால் வேருக்கு நீரும் காற்றும் போகாது. டெல்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டர் வரையிலான கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. இடைவெளி விட்டு, தூண்களின் மேல் நிற்கும் வளைய பெஞ்சு மரத்துக்கும் மனிதருக்கும் நல்லது. தென்னைக்கு நேர் கீழேயும், எளிதில் முறியும் கிளைகளுக்கு அடியிலும் இருக்கை கூடாது.

விபத்துத் தவிர்ப்பு

பெஞ்சு கவிழ்வது, உடைவது, இடறுவது, மாட்டிக்கொள்வது, வாகனம் மோதுவது ஆகியவை முக்கிய ஆபத்துகள். சாய்மானத்தின் மேல் ஏறி உட்காரும் இளைஞர்களையும் கைப்பிடியில் தொங்கும் சிறுவர்களையும் கணக்கில் கொண்டே அடித்தளம் இடவேண்டும். கான்கிரீட் அடித்தளத்தில் போல்ட் போட்டு இறுக்கி, அதன் தலை தரைக்கு மேல் துருத்தாதபடி மூடவேண்டும். குழந்தைகளின் விளையாட்டுக் கருவிகளுக்கான தரவிதிகள் 89 முதல் 230 மி.மீ. வரையிலான திறப்புகளைத் தவிர்க்கச் சொல்கின்றன. அந்த இடைவெளியில் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். விளையாட்டுத் திடல் அருகே போடும் பெஞ்சின் சாய்மானத்துக்கும் கைப்பிடிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

சாலையோர இருக்கைகளை வேகமான வளைவுகளின் வெளிப்புறத்திலும் சந்திப்பு முனைகளிலும் வைக்கக்கூடாது. வேறு வழியில்லாத இடத்தில் உறுதியான தடுப்புக் கம்பங்கள் வேண்டும். பேருந்து நிறுத்த இருக்கை வண்டி வரும் திசையைப் பார்த்து அமைந்தால், ஒவ்வொரு தடவையும் எழுந்து சாலை விளிம்பில் எட்டிப் பார்க்கும் அவசியம் குறையும்.

அச்சமின்மையும் விரட்டும் வடிவமைப்பும்

கண்ணில் படும் இடமே காவலான இடம் என்பதை எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் தெருக்களைப் பற்றி விளக்கினார். கடை, வீட்டு வாசல், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் பார்வைக்குள் இருக்கும் பெஞ்சுக்குத் தனிக் காவல் தேவைப்படுவதில்லை. பின்புறம் அடர்ந்த புதர், ஒரே வழிகொண்ட மூலை, விளக்கற்ற பாதை ஆகியவை பெண்களை விலக்குகின்றன. கண் கூசும் ஒற்றை விளக்கைவிட, எதிரே வருபவரின் முகம் தெரியும்படி சீராகப் பரவும் வெளிச்சம் உகந்தது. ஓரிடத்தில் உட்காருபவர்களில் பெண்களின் விகிதம் குறைந்தால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு என்று வைட் கருதினார். மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் 2011இல் வெளியிட்ட நூல், காரணம் ஏதும் காட்டாமல் பொது இடத்தில் சும்மா இருக்கும் உரிமை பெண்களுக்கு எவ்வளவு குறைவு என்பதை விவரித்தது. பெண்கள் தயங்காமல் உட்கார இடம் தருவது ஒரு வடிவமைப்புக் கடமை.

இதற்கு எதிர்த்திசையில் செல்வது, வேண்டாதவர்களை விரட்டும் வடிவமைப்பு. லண்டனின் கேம்டன் உள்ளாட்சிக்காக 2012இல் உருவான கான்கிரீட் பெஞ்சு அதன் பேர்போன எடுத்துக்காட்டு. படுக்க முடியாதபடி சரிவுகள், பொருள் ஒளித்துவைக்க இடுக்கில்லாத உடல், கிறுக்க முடியாத பூச்சு என எல்லாவற்றையும் தடுத்த அந்த வடிவம், சாய்ந்து இளைப்பாறும் வசதியையும் தரவில்லை. நடுவில் வைக்கும் கைப்பிடி இந்த விவாதத்தின் மையம். முதியவர் ஊன்றி எழவும் அது உதவும், வீடற்றவர் படுப்பதையும் அது தடுக்கும். நோக்கத்தை அதன் வடிவமே காட்டிக்கொடுக்கிறது. கை ஊன்ற முடியாத தாழ்ந்த இரும்பு வளையம் 50 செ.மீ.க்கு ஒன்றாக நின்றால் அது எழுவதற்கு உதவ வைத்ததல்ல. பெஞ்சில் தூங்குபவரின் சிக்கலைப் பெஞ்சை மாற்றித் தீர்க்க முடியாது. இந்தியாவின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், 1 லட்சம் மக்கள்தொகைக்கு வீடற்றோருக்கான ஒரு காப்பகம் என்ற அளவை வகுத்தது அதற்கான வழி.

பராமரிப்பும் மதிப்பீடும்

தமிழ்நாட்டின் பூங்காக்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் சாய்மானத்தில் ‘உபயம்’ என்று பெயர் எழுதிய சிமென்ட் பெஞ்சுகள் நிறைய. நன்கொடையில் பெஞ்சு வந்துவிடும். பிறகு அதைப் பழுதுபார்க்க யாருக்கும் பொறுப்போ நிதியோ இருக்காது. நன்கொடை பெறும்போதே சில ஆண்டுப் பராமரிப்புத் தொகையையும் சேர்த்துப் பெறுவதும், உள்ளாட்சி பெஞ்சுகளுக்கு எண் இட்டுப் பதிவேட்டில் வைப்பதும் எளிய தீர்வுகள். உடைந்த ஒரு சட்டத்தை மட்டும் மாற்றக்கூடிய, உள்ளூர்க் கடையில் கிடைக்கும் நட்டு போல்ட்டால் இணைத்த பெஞ்சு, ஒரே வார்ப்பாக வந்த பெஞ்சைவிட நீண்டகாலம் பயன்படும்.

அமைத்த பின் மதிப்பிடுவதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளைகளில் யார் எங்கே, எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று எண்ணிக் குறித்தால் போதும். முதியவர், பெண்கள், குழந்தைகளின் பங்கைத் தனியே குறிக்க வேண்டும். பக்கத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருக்க ஒரு பெஞ்சு காலியாக இருந்தால், அதன் சூடு, உயரம், திசை, வெளிச்சம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். பெஞ்சு இல்லாத படியிலும் சுவரிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தால் அடுத்த இருக்கைக்கான இடம் அதுவே.